கணிப்பொறியை எங்கே வாங்குவது?

கல்லூரி திறந்த மூன்றாம் நாள் மாலை ஒருவர் எங்கள் இயற்பியல் துறை வாசலில் தயங்கி நின்றார். இரண்டாம் ஆண்டில் படிக்கும் மாணவி ஒருத்தியின் தந்தை. ஈரோட்டுக்கு 20 கி.மீ. தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் விசைத்தறி ஓட்டுகிறார். உட்காரச் சொன்னதும் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், பாப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கோணுமுங்க. சீட்டு எடுத்து நாப்பத்தஞ்சாயிரம் வச்சிருக்கேனுங்க. மெட்ராசுல ரிச்சி தெருவுல பாதி விலைன்னு எம்பட மச்சான் சொல்றாருங்க. ஆன்லைன்ல வாங்கலாம்னு பாப்பா சொல்லுது. எங்கீங்க வாங்கறது?"

கணிப்பொறி பற்றி என்னிடம் யோசனை கேட்பவர்கள் எல்லாரும் "எதை வாங்குவது?" என்றுதான் கேட்பார்கள். எந்தச் செயலி, எவ்வளவு நினைவகம், எந்த நிறுவனம் என்று பேச்சு போகும். இவர் "எங்கே?" என்று கேட்டார். வழக்கமான பாடத்தைத் தொடங்கப்போன நான் சற்று நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்ட கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது என்று பட்டது. அன்று அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்ட இயற்பியலையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருடைய வீட்டிலும் இந்த ஆண்டு இதே கேள்வி எழுந்திருக்கும் அல்லவா?

எல்லாம் ஒரே உலைகளில் வெந்தவை

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். பெரிய ஷோரூமின் குளிர்ந்த அறையில் இருக்கும் கணிப்பொறி உயர்ந்தது, சந்துக்கடையில் இருப்பது தாழ்ந்தது என்று நினைக்கிறோம். பெட்டியைத் திறந்து பார்த்தால் இந்த எண்ணம் நிலைப்பதில்லை. மேசைக் கணிப்பொறிகளுக்கான செயலியைப் பெரும்பாலும் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரண்டு நிறுவனங்களே வழங்குகின்றன. 'ராம்' எனப்படும் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்று நிறுவனங்களின் ஆலைகளிலிருந்து வருகிறது. வன்தட்டு என்றால் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. விற்பவர்கள் ஆயிரம் பேர். செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இதற்குச் சான்று வெகு அண்மையிலேயே கிடைத்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மலைமலையாக வாங்கத் தொடங்கியதால், 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. ரிச்சி தெருவில் ஏறியது, ஆன்லைனில் ஏறியது, ஈரோட்டிலும் ஏறியது. ஒரே ஊற்றில் நீர் குறைந்தால் எல்லாக் குழாயிலும் குறையத்தானே செய்யும்!

இந்த நிலை 1981 இல் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அவசரத்தில் எல்லாவற்றையும் தானே செய்யாமல், சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அதை அமைத்தது. செயலி இன்டெல் நிறுவனத்தின் 8088. விற்பனையிலும் ஒரு புதுமை இருந்தது. அதுவரை ஐ.பி.எம். கணிப்பொறி வேண்டுமென்றால் அந்நிறுவனத்தின் விற்பனையாளர் கோட்டு சூட்டு அணிந்து உங்கள் அலுவலகத்துக்கு வருவார். இதையோ சியர்ஸ், கம்ப்யூட்டர்லேண்ட் போன்ற கடைகளில் எவரும் போய் வாங்க முடிந்தது. பாகங்கள் சந்தையில் கிடைப்பவை ஆதலால் விரைவிலேயே மற்றவர்களும் அதே போன்ற பொறிகளைச் செய்தார்கள். 1984 இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் டெல் தம் விடுதி அறையிலிருந்தே பாகங்களைக் கோத்து விற்கத் தொடங்கினார். கணிப்பொறி அன்றுமுதல் கோக்கப்படும் பொருளாகிவிட்டது. யார் கோக்கிறார், யார் விற்கிறார் என்பதே வேறுபாடு.

அப்படியானால் கடைக்காரர் நமக்கு விற்பது எதை? கணக்கிடும் திறனை அல்ல. அது ஆலையிலேயே முடிவாகிவிட்டது. வாங்கும் முன் எதை நம்மால் சோதித்துப் பார்க்க முடியும், பழுதானால் யார் பொறுப்பு ஏற்பார் என்னும் இரண்டைத்தான் கடை நமக்குத் தருகிறது. ஆகவே "எங்கே மலிவு?" என்பதைவிட "கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோவேன்?" என்று தொடங்கிப் பின்னோக்கி வருவது நல்லது.

பொருள்கள் எப்போது கெடுகின்றன?

மின்னணுப் பொருள்கள் பழுதாகும் விதத்தை வரைபடமாகப் போட்டால் அது குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் இருக்கும். கிடையச்சில் காலம், நிலையச்சில் பழுதாகும் வீதம். தொடக்கத்தில் வீதம் அதிகம். பிறகு சரசரவென்று இறங்கித் தாழ்ந்த சமதளமாகப் பல ஆண்டுகள் ஓடும். இறுதியில் முதுமை வந்து மீண்டும் ஏறும்.

தொடக்கத்தில் ஏன் அதிகம்? ஆலையில் நேர்ந்த சிறு குறைகள், சரியாகப் பற்றாத பற்றவைப்பு, நூலிழைபோல் மெலிந்த ஓர் இணைப்பு ஆகியவை முதல் சில நாள் சூட்டிலும் குளிரிலும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. பொறியை இயக்கினால் சூடேறி விரிகிறது. நிறுத்தினால் குளிர்ந்து சுருங்குகிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் வேறுவேறு அளவில் விரிவதால் இணைப்புகள் இழுபடுகின்றன. திடமானவை தாங்கும், நோஞ்சான்கள் விழுந்துவிடும். தப்பியவை நெடுங்காலம் உழைக்கும்.

இந்தத் தொட்டியின் முதல் சரிவுதான் வாங்குபவருக்கு முக்கியம். ஆன்லைன் கடைகளில் மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் 7 நாள், 10 நாள் என்று இருக்கும். அதற்குள் குறை தெரிந்தால் புதிய பொறியே கிடைக்கும். அதன் பிறகு தெரிந்தால் வாரண்டியின்படி பழுதுபார்த்துத்தான் தருவார்கள். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? பொறியை வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்று மேசைமேல் ஒரு வாரம் துணி போட்டு மூடி வைக்கிறோம்! நல்ல நாள் வருவதற்குள் மாற்றும் நாள் போய்விடுகிறது.

எங்கே வாங்கினாலும் முதல் வாரம் அதைக் கசக்கிப் பிழியுங்கள். தினமும் பல மணி நேரம் ஓட்டுங்கள், அணைத்து அணைத்துப் போடுங்கள். நினைவகத்தைச் சோதிக்கும் இலவச நிரல்கள் உண்டு. மெம்டெஸ்ட் என்பது அவற்றுள் ஒன்று. ஓர் இரவு முழுக்க அதை ஓடவிடலாம். 8 ஜிகாபைட் நினைவகத்தில் ஏறத்தாழ 6,870 கோடி நுண்ணிய மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1 அல்லது 0 என்னும் ஒரே ஒரு துணுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி விநாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். இத்தனை கோடியில் ஒன்று ஓட்டைக் குடமாக இருந்தாலும், என்றைக்கோ ஒருநாள் உங்கள் கட்டுரையில் ஓர் எழுத்து மாறிப்போகலாம், அல்லது பொறி காரணமில்லாமல் நின்றுபோகலாம். ஒருமணி நேரம் பாட்டுக் கேட்டுப் பார்ப்பதால் இது வெளிவராது.

மூடிய பெட்டியை வாங்குபவர்களுக்கு

மடிக்கணிப்பொறி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அது ஆலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டு வருவது. விற்பவர் அதைத் தொடுவதே இல்லை. வாரண்டி கொடுப்பவர் தயாரிப்பாளர். முறையான பில் இருந்தால் சென்னையில் வாங்கியதை ஈரோட்டில் சரிபார்க்கலாம். ஆகவே இங்கே எந்தக் கடை என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது. எந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊருக்கு அருகில் உள்ளது என்பதே முதல் கேள்வி. வாங்குமுன் அந்த இடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வலைத்தளத்தில் முகவரி இருக்கும். போய்ப் பார்த்தால் பலகை மட்டும் இருக்கும். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டியா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆன்லைனில் வாங்கினால் வழியில் போட்டு உடைத்துவிடுவார்களே" என்று அஞ்சுபவர்கள் பலர். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பெட்டி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெறும் சிமெண்டுத் தரையில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1,000 மடங்கு. அதையே நுரைப்பஞ்சு நசுங்கி 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 20 மடங்குதான். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால் போதும், விடை கிடைத்துவிடும். இயங்காத நிலையில் ஒரு சாதாரண வன்தட்டே சில நூறு மடங்கைத் தாங்கக் கூடியது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. அதைவிடத் தாங்கும். எனவே ஆலையின் அசல் அட்டைப்பெட்டியும் நுரையும் சிதையாமல் வந்தால் அச்சப்பட வேண்டியதில்லை. பெட்டியின் மூலை நசுங்கி வந்தால் மட்டும் வாங்கும் முன் யோசியுங்கள். பிரிக்கும்போது முழுவதையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்வதும் நல்லது.

ஆன்லைனில் உண்மையான ஆபத்து வேறு. ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், மாடல் எண்ணின் வாலில் மட்டும் இரண்டு எழுத்து மாறி, உள்ளே மட்டமான திரையும் குறைந்த நினைவகமும் வைத்து விற்கப்படும் பொறிகள் உண்டு. "40 சதவீதத் தள்ளுபடி" என்னும் பெரிய எழுத்தைப் பார்க்கிறோம். அந்த இரண்டு சிறிய எழுத்தைப் பார்ப்பதில்லை. முழு மாடல் எண்ணையும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். விற்பவர் அந்தத் தளமா, தளத்தில் இடம்பிடித்த வேறொருவரா என்பதையும் கவனியுங்கள். விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

திரையை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் அறிய முடியும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கிறதா, விசைப்பலகை விரலுக்கு ஒத்துவருகிறதா என்பதற்கு ஷோரூமே சரியான இடம். அங்கே பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்குவோர் ஏராளம். ஊர்க் கடைக்காரரிடம் அரைமணி நேரம் பாடம் கேட்டுவிட்டு வேறிடத்தில் வாங்குவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதே விலைக்குத் தருகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் பலர் இறங்கி வருவார்கள்.

கோத்துத் தரும் கடையும் ஒரு சிறிய பெட்டியும்

இனி 'அசெம்பிள்' செய்து தரும் கடைகளுக்கு வருவோம். சென்னையில் அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவை அறியாத மின்னணு ஆர்வலர் இல்லை. பெங்களூரின் எஸ்.பி. ரோடு, மும்பையின் லாமிங்டன் ரோடு, டெல்லியின் நேரு பிளேஸ் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். ஒரே தெருவில் நூறு கடை இருந்தால் போட்டியால் விலை குறையும். எந்தப் பாகமும் கிடைக்கும். பாதி விலை என்பது மட்டும் கட்டுக்கதை.

கோத்த கணிப்பொறியில் எட்டு, ஒன்பது பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி: பெட்டியோடு வரும் இன்டெல் செயலிக்கு 3 ஆண்டு, மற்றவற்றுக்கு வேறு வேறு. பழுது என்று வந்தால், குற்றவாளி மதர்போர்டா, ராமா, மின்வழங்கியா என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதைக் கண்டுபிடித்து உரிய நிறுவனத்துக்கு அனுப்பி வாங்கித் தருபவர் கோத்த கடைக்காரர்தான். எனவே மடிக்கணிப்பொறிக்கு இரண்டாம் கேள்வியாக இருந்த கடை, இங்கே முதல் கேள்வியாகிவிடுகிறது. கடை உங்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எத்தனை ஆண்டாக அதே இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பாகங்களில் விளம்பரத்தில் வராத ஒன்று உண்டு. கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் மின்வழங்கிப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது அதன் வேலை. விலையைக் குறைத்துச் சொல்ல விரும்பும் கடைக்காரர் முதலில் கை வைக்கும் இடமும் அதுவே. ஏனெனில் வாங்குபவர் எவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. 2010 இல் இளநிலை மாணவனாக இருந்தபோது, அம்மாவின் வளையலை அடகுவைத்த பணத்தில் ஒரு பெரிய ஊரின் கடையொன்றில் கணிப்பொறி வாங்கினேன். மின்வழங்கியின் மேல் '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஏழாம் மாதம் ஓர் இரவு பட்டென்று சத்தம், கருகிய வாசனை. மின்வழங்கியோடு மதர்போர்டும் வன்தட்டும் போயின. வன்தட்டில் இருந்த என் செய்முறைத் திட்டக் கட்டுரையும் போயிற்று. பில் என்று என்னிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க சீல் இல்லையே தம்பி" என்றார்.

அதன் பிறகுதான் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையைப் படித்தேன். 12 வோல்ட் தடத்தில் 14 ஆம்பியர் என்றிருந்தது. மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். 12 x 14 = 168 வாட்! செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் தடத்தில்தான் மின்சாரம் எடுக்கின்றன. எனவே என் '450 வாட்' பெட்டி, வேலைக்கு ஆகும் அளவில் 168 வாட் பெட்டியே. நானோ அதில் ஒரு வரைகலை அட்டையையும் செருகியிருந்தேன். இயற்பியல் மாணவனாக இருந்துகொண்டு அந்தப் பெருக்கலைப் போடவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கடையில் நின்றே அந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். அட்டவணையே இல்லாத பெட்டியானால் கீழே வைத்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் இன்னொரு கதை. அலைந்து வரும் மின்னோட்டத்தைச் சமன்செய்பவை இவை. உள்ளே ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும், குறைந்தால் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. சந்தையில் 85 டிகிரிக்கு ஏற்றவை, 105 டிகிரிக்கு ஏற்றவை என இரண்டு வகை உண்டு. இரண்டுமே தத்தம் உச்ச வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைப்பவை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் கோடையில் பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் என்ன ஆகும்? 85 டிகிரி வகைக்கு இருமுறை இரட்டிப்பு: 8,000 மணி. 105 டிகிரி வகைக்கு நான்குமுறை இரட்டிப்பு: 32,000 மணி. தினம் 8 மணி நேரம் ஓட்டினால் முன்னது மூன்றாண்டுக்குள் முடிந்துவிடும். பின்னது பத்தாண்டைத் தாண்டும். விலையிலோ பெரிய வித்தியாசம் இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்க முடியாதுதான். ஆனால் தெரிந்த நிறுவனத்தின் மின்வழங்கியை, 3 அல்லது 5 ஆண்டு வாரண்டியோடு கேட்டு வாங்கலாம். நீண்ட வாரண்டி கொடுப்பவர் உள்ளே எந்த வகையை வைத்திருப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கோக்கும்போது நேரும் நிலைமின்னியல் சேதம் பற்றியும் சிலர் கேட்பார்கள். உலர்ந்த காற்றில் நடந்து வந்த மனித உடலில் ஆயிரக்கணக்கான வோல்ட் சேர்ந்திருக்கலாம். சில்லுகளுக்கு அது ஆகாது. காற்றில் ஈரம் மிகுந்தால் மின்னூட்டம் தங்குவதில்லை. சென்னையின் புழுக்கத்தால் விளையும் ஒரே நன்மை இதுதானோ என்னவோ!

பழையதை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஒரு நாளை நினைவில் வையுங்கள்: 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, 2017க்கு முந்திய இன்டெல் செயலிகளை ஏறத்தாழ ஒதுக்கிவிடுகிறது. ஆகவே அலுவலகங்கள் கழித்துவிட்ட பொறிகள் சந்தைக்கு வந்து மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் சில ஆண்டு நன்றாக உழைக்கும். நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு அது குறையே அல்ல. விண்டோஸ்தான் வேண்டும் என்பவர் செயலியின் தலைமுறையைக் கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

பழைய பொறியில் தயாரிப்பாளர் வாரண்டி முடிந்திருக்கும். மிஞ்சுவது கடைக்காரரின் வாய்ச்சொல். ஆகவே கண்ணெதிரே சோதிக்க முடியாத இடத்தில் பழையதை வாங்காதீர்கள். எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்பதை அதுவே குறித்து வைத்திருக்கும். இலவச நிரல்களால் படிக்கலாம். 250 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்று 150 டெராபைட் எழுதும்வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருந்தால், தினம் 20 ஜிகாபைட் எழுதினாலும் 20 ஆண்டு வரும். எனவே இது பெரும்பாலும் கவலையில்லை. மின்கலம்தான் கவலை. புதிதில் 50 வாட்-மணி கொண்டது இப்போது 30 கொள்கிறதா, 20 கொள்கிறதா என்று கேளுங்கள்; அதற்கான அறிக்கையைப் பொறியே தரும். மடிக்கணிப்பொறியைக் கண்ணாடி மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, தொடுபலகை மேலெழும்பி இருந்தாலோ, உள்ளே லித்தியம் மின்கலம் வாயு சேர்ந்து வீங்கியிருக்கலாம். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பில் என்னும் பாகம்

"பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பது எல்லா ஊரிலும் கேட்கும் குரல். கணிப்பொறிக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். ரூ. 45,000 விலையில் ஏறத்தாழ ரூ. 6,860 வரியாகும். ஆசை வருவது இயற்கையே. ஆனால் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வாரண்டி கேட்க வழியில்லை; வாங்கியதற்கே சாட்சி இல்லை. என் துண்டுச் சீட்டின் கதையைத்தான் மேலே படித்தீர்களே! பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் - 1' என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், இல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை என்று 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். சென்னைக்கு ஓட வேண்டாம். ரூ. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.

தறிக்காரர் கணக்கு

மாணவியும் தந்தையும் மறுநாள் வந்தார்கள். தறி ஓடும் வீடு; பஞ்சுத் தூசி எங்கும் பறக்கும். மடிக்கணிப்பொறியின் சின்ன விசிறியில் அது அடைத்துக்கொண்டால் பிரித்து எடுப்பது கடினம். மேசைக் கணிப்பொறியானால் கேபினட்டின் பக்கத்தைக் கழற்றி மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடலாம். ஆகவே கோத்தது என்று முடிவாயிற்று. ஒரே பட்டியலைக் கொடுத்து ரிச்சி தெருக் கடையொன்றிலும் ஈரோட்டுக் கடையொன்றிலும் விலை கேட்கச் சொன்னேன். அங்கே ரூ. 42,600, இங்கே ரூ. 44,800. வித்தியாசம் ரூ. 2,200. மச்சான் சொன்ன பாதி விலை வரவில்லை.

அவர் மனக்கணக்குப் போட்டார். சென்னை ஏறத்தாழ 400 கி.மீ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை போய்வந்தால் இரண்டு பேருக்குப் போக்குவரத்து, சாப்பாடு, ஒன்றரை நாள் தறி நிறுத்தம். "ஒரு தடவ போனாலே ரெண்டாயிரம் போயிருமுங்களே" என்றார். சென்னையில் குடியிருப்பவர் இதே கணக்கைப் போட்டால் விடை ரிச்சி தெரு என்றுதான் வரும்; அதிலும் தவறில்லை.

ஈரோட்டில் வாங்கினார்கள். மின்வழங்கியின் அட்டவணையைப் படித்து, கடைக்காரர் எதிரிலேயே மாணவி பெருக்கிப் பார்த்தாளாம். நான்காம் இரவு நினைவகச் சோதனையை ஓடவிட்டாள். விடியற்காலையில் திரையில் சிவப்பாகப் பிழை வரிகள். அன்று மாலையே டவுன் பஸ்ஸில் போய், பில்லைக் காட்டி ராமை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைக்காரர் முதலில் கேட்டது அந்த ராம் வந்த சிறிய பிளாஸ்டிக் உறையைத்தானாம். அதன்மேல்தான் வரிசை எண் இருந்தது. நல்லவேளையாக அதை எறியவில்லை. மற்ற அட்டைப்பெட்டிகள் எல்லாம் இப்போது தறிக்கு மேலே பரணில் இருக்கின்றன. மூன்றாண்டு வாரண்டி முடியும்வரை யாரும் கைவைக்கக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டிருக்கிறாராம்.